பூஜ்யத் தேய்மானம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அறிக்கை வந்தது. எண் 417. வலது இடுப்பு மூட்டு. பொருத்தி ஒன்பது ஆண்டு எட்டு மாதம். தேய்மானம் பூஜ்யம்.

பிரமிளா முதலில் மூட்டுக்குள்ளிருக்கும் சென்சாரைச் சந்தேகித்தாள். பிறகு கணக்கை. மதியம் வரை சரிபார்த்தாள். இரண்டிலும் பிழை இல்லை.

வேணுகோபால் தன் அறையிலிருந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அந்தச் செயற்கை மூட்டை உருவாக்கியவர் அவர். கம்பெனியும் அவருடையது. கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். தண்ணீர் பம்பில் தேய்வதுதான் மனிதனுக்குள்ளும் தேய்கிறது என்று மேடைகளில் சொல்வார்.

"பூஜ்யமா?"

"நம்ம கருவியால அளக்க முடியாத அளவு சார்."

"பழைய மூட்டுல வர்ற பிளாஸ்டிக் கிண்ணமா இருந்தா இந்நேரம் ஒரு மில்லிமீட்டர் போயிருக்கும். அந்தத் தூள் எலும்பை அரிச்சு மூட்டே ஆடியிருக்கும்." திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "யாரு இது?"

"கலாமணி. ஐம்பத்தெட்டு வயசு. காங்கேயம் பக்கம் ஒரு கிராமம்."

"நல்ல பேஷண்ட்" என்றார்.

சோதனை அனுமதியில் அறுநூறு பேருக்கு மூட்டு வைத்திருந்தார்கள். பத்து ஆண்டுத் தரவு முழுமையானால் உரிமம். அதற்கு இன்னும் நான்கு மாதம். உரிமக் குழுவுக்குப் போட்டுக் காட்ட மூன்று நிமிடப் படம் வேண்டும் என்றார். ஒரு பொன்னாடையும் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழும் கேமராவும் பிரமிளாவிடம் கொடுத்து அனுப்பினார்.

*

நாச்சிமுத்து வாசலுக்கு வந்து வரவேற்றார். கலாமணியின் கணவர். அறுபத்தேழு வயது. தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்தார். மில் வீட்டை ஒட்டியே இருந்தது. காற்றில் கொப்பரை வாசம்.

பொன்னாடையை அவரே வாங்கிப் பிரித்துப் பார்த்தார். சான்றிதழை உரக்க வாசித்தார். பிறகு உள்ளே பார்த்து, "ஏ கலா, காப்பி" என்றார்.

"எவ்வளவு நேரம் நடக்கறாங்க சார் ஒரு நாளைக்கு?"

"வேண்டியதுக்கு நடப்பா. நம்மூட்ல தேவையில்லாம வெளிய போற பழக்கமில்லீங்க."

"வலி ஏதாவது?"

"ஒண்ணுமில்லீங்க. கேட்டுப் பாருங்க, இதையேதான் சொல்லுவா." சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டார். "பூஜ்யம்னா எப்படீங்க அம்மிணி? நம்ம மில்லுல புஷ் மூணு மாசத்துக்கு ஒருக்கா தேயுது. கிரீஸ் போட்டு மாளல. இரும்பே தேயறப்போ இதெப்படித் தேயாம இருக்கும்?"

"கிண்ணத்துக்குள்ள ஒரு உறை இருக்கு சார். நாராலானது. முதல் தொண்ணூறு நாள் மெத்துனு இருக்கும். கால் எந்தப் பக்கம் போய் வருதோ அந்தப் பக்கமா நார் படுத்துக்கும். புல்லுல நடந்து நடந்து தடம் விழும்ல, அந்த மாதிரி. தொண்ணூறாவது நாள் இறுகிடும். அப்புறம் அதே தடத்துல எத்தனை லட்சம் தடவை போனாலும் தேயாது. குறுக்க போனாத்தான் நார் அறுந்து தூளாகும்."

"குறுக்க போனா என்ன பண்ணுவீங்க?"

"போக விடாது. விறைச்சுக்கும்."

நாச்சிமுத்து சற்று யோசித்தார். "நல்ல வேலை. மில்லுக்கு இப்படி ஒண்ணு பண்ணிக் குடுங்க."

கலாமணி காப்பி கொண்டுவந்தாள். சமையலறையிலிருந்து கூடத்துக்குப் பதினொரு அடி எடுத்துவைத்தாள். எல்லாம் ஒரே நீளம். தம்ளரில் நுரை அசையவில்லை.

பிரமிளா கேமராவை எடுத்தாள். "ஒரு தடவை நடந்து காட்டறீங்களாம்மா?"

நடந்தாள்.

"இன்னும் கொஞ்சம் அகலமா வைங்க."

அதே பதினொரு அடி.

வெட்கப்படுகிறாள் என்று பிரமிளா நினைத்தாள். "வெளிச்சம் போதலம்மா. மாடிப்படி ஏறுங்க, ரெண்டு படி போதும்."

"மாடிக்கு அவ எதுக்குங்க?" என்றார் நாச்சிமுத்து. "துணி காயப்போட ஆளு இருக்குது."

கலாமணி முற்றத்துக்குப் போய் மாடிப்படியின் முன்னால் நின்றாள். வலது காலைத் தூக்கினாள். பாதம் அரையடி எழுந்தது. அங்கே நின்றது. நடுக்கமில்லை, முகத்தில் வலியுமில்லை. மேலே ஏதோ கூரை இருப்பதுபோல நின்றது. பிறகு கீழே வைத்தாள்.

"இவ்வளவுதாங்க" என்றாள்.

அவள் முதலில் பேசியது அதுதான்.

மில் வாசலில் லாரி வந்து ஆரன் அடித்தது. நாச்சிமுத்து எழுந்து போனார். கலாமணி காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிரமிளாவும் போனாள்.

"அந்த அரையடி எதுன்னு தெரியுமுங்களா?" தம்ளரைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "நிலைப்படி. சமையக்கட்டு நிலை. அந்தத் தொண்ணூறு நாள்ல நான் காலைத் தூக்கின உசரம் அது ஒண்ணுதான்."

"அம்மா, வெளியில நடக்கலையா அப்போ? கோயில், கடை?"

"ஆபரேசன் பண்ணின பொம்பள வெளிய போனா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்கன்னாரு. சரீன்னுட்டேன். உங்க புஸ்தகத்துல மொதப் பக்கத்துல போட்டிருந்துச்சே. முதல் தொண்ணூறு நாள் வழக்கம் போல் இருங்கள்னு." தம்ளரைக் கவிழ்த்தாள். "வழக்கம் போலத்தானுங்க இருந்தேன்."

அந்தக் கையேட்டை எழுதியது பிரமிளா. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. அந்த வரி எளிமையாக இருக்கிறது என்று வேணுகோபால் பாராட்டியிருந்தார்.

"தாராபுரத்துல எந் தங்கச்சி இருக்கா. அவ வீட்டுக்காரருக்கும் இவருக்கும் போர் போட்ட சண்டை. யாரு போர்ல தண்ணி வந்துச்சு, யாரு போர் வத்துச்சுன்னு. இவரு கார் அங்க போவாது. பஸ்ஸு போவும். நாலு வருசத்துக்கு முன்னால ஒரு நா இவரு ஈரோடு போயிருந்தாரு. ஸ்டாப்புல போய் நின்னேன். பஸ் வந்துச்சு. காலு தூக்கறேன், வரல. இந்தக் கால வெச்சுப் பாக்கறேன், அந்தக் காலு தொடர மாட்டேங்குது. கண்டக்டர் பாவம், 'வாங்கம்மா, வாங்கம்மா'ன்னு ரெண்டு தடவ கூப்புட்டாரு. அப்புறம் விசில் அடிச்சுட்டாரு. எத்தன நேரந்தான் நிப்பாரு."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?"

"எங்க போவ பஸ் ஏறினேன்னு மொதல்ல சொல்லோணுமே."

கையைத் துடைத்துக்கொண்டாள். லாரிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள். "முப்பத்திரண்டாம் பக்கத்துல போட்டிருக்குது. வெளியிருந்தே சூடு குடுத்து ஒரே ஒரு தடவ மறுபடி இளக்கலாம்னு. மறுபடி தொண்ணூறு நாள். நெசந்தானுங்களா?"

"நிஜம்தாம்மா."

"பண்ணிக் குடுங்க. இந்தத் தடவ நான் பழக்கிக்கறேன்."

முப்பத்திரண்டாம் பக்கத்தை யாரும் படித்ததாக பிரமிளா கேள்விப்பட்டதில்லை.

*

அடுத்த நாள் அறுநூறு பேரின் தடங்களையும் திரையில் விரித்தாள். ஒவ்வொருவர் காலும் உறையில் போட்ட கோடுகள். ஆண்களின் தடம் வாழையிலைபோல அகன்று கிடந்தது. பெண்களின் தடம் கறிவேப்பிலை. தேய்மானம் குறைந்த பத்துப் பேரைத் தனியாக எடுத்தாள். ஒன்பது பேர் பெண்கள். பத்தாவது ஒரு ஆண். பெயரைத் தட்டிப் பார்த்தாள். மூட்டு வைத்தபோது ஆயுள் தண்டனைக் கைதி.

வேணுகோபாலிடம் காட்டினாள்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அலைச்சல் குறைஞ்சா தேய்மானம் குறையும். இதுல என்ன கண்டுபிடிப்பு?"

"நம்ம அறிக்கையில உறைதான் காரணம்னு இருக்கு சார்."

"உறையும்தான்."

"அவங்களால பஸ் ஏற முடியல. மறுபடி இளக்கச் சொல்றாங்க. அவங்க உரிமை அது."

"யாரு இல்லைன்னா? மாசியில பத்து வருஷம் முடியுது. அடுத்த நாளே போய் இளக்கிக் குடு. இப்ப தொட்டா நம்பர் ஒன் தரவுல ஓட்டை. குழு அதைத்தான் முதல்ல பிடிக்கும். லட்சம் பேர் இந்த மூட்டுக்குக் காத்திருக்காங்க பிரமிளா. ஒன்பது வருஷமா ஏறாத பஸ். நாலு மாசம்."

அவள் திரையிலிருந்த தடங்களை மூடினாள்.

"கிண்ணத்தை நாம செஞ்சோம்" என்றார் அவர். "வழக்கத்தை நாம செய்யலையே."

சூடேற்றும் கருவி பிரமிளாவின் அறையிலேயே இருந்தது, மூலையில், உறை போட்டு. அதன்மேல்தான் தினமும் கைப்பையை வைப்பாள். பையை எடுத்து, அதிலிருந்து போனை எடுத்து, கலாமணியை அழைத்தாள்.

"கருவி சென்னையில இருக்கும்மா. மாசியிலதான் வரும்."

மறுமுனையில் மில் ஓடும் சத்தம்.

"மாசிதானுங்களே" என்றாள் கலாமணி. "ஒன்பது வருசம் போச்சு, நாலு மாசம் போவாதா? பஸ் படி ஒண்ணேகால் அடிங்க, அளந்துட்டு வந்தேன். அஞ்சு செங்கல் எடுத்து மாட்டுக் கொட்டாயில வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணா அடுக்கிப் பழகிக்கலாம்னு. சரீங்களா?"

"சரிம்மா."

*

மாசியில் பத்து ஆண்டு முடிந்தது. 417, பூஜ்யம். அறிக்கை டில்லிக்குப் போயிற்று. மறுநாள் பிரமிளா கருவியைக் காரில் ஏற்றினாள்.

நாச்சிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. "நல்லா ஓடற மெசின எதுக்குங்க நோண்டணும்?"

"பத்து வருஷ சர்வீஸ் சார்."

"ஓ. சர்வீஸா?" அவர் முகம் தெளிந்தது. "சர்வீஸ்னா பண்ணித்தான் ஆவணும்."

அது அவள் சொன்ன இரண்டாவது பொய். முதலாவதைவிட எளிதாக வந்தது.

நாற்பது நிமிடம். இடுப்பைச் சுற்றியிருந்த சூட்டு வளையத்தைக் கழற்றியதும் கலாமணி கட்டிலிலிருந்து இறங்கினாள். ஓர் அடி வைத்தாள். கால் நினைத்ததைவிடத் தூரம் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரித்தாள். அவளுக்கு இடப்பக்கம் ஒரு பல் இல்லை என்பது பிரமிளாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எங்கியோ போவுதுங்க காலு."

"தொண்ணூறு நாள்மா. ஏறுங்க, இறங்குங்க, சம்மணம் போட்டு உக்காருங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா. வழக்கம் போல மட்டும் இருக்காதீங்க."

"இல்லீங்க அம்மிணி. இருக்கமாட்டேன்."

பிரமிளா காரைத் திருப்பும்போது அவள் கொட்டகைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

கலாமணியின் தலைமாட்டில் ஒரு சிறிய பெட்டி உண்டு. அவள் தூங்கும்போது மூட்டின் தரவை வாங்கி அனுப்பும். முதல் எட்டு நாள் பிரமிளா தினமும் காலையில் அதைத்தான் முதலில் திறந்தாள். கறிவேப்பிலை விரிந்துகொண்டே வந்தது. இரண்டாம் நாள் ஒரு செங்கல் உயரம். நான்காம் நாள் இரண்டு. எட்டாம் நாள் மூன்று, நிலைப்படியைத் தாண்டி. அடியின் நீளம் கூடியிருந்தது. ஒருநாள் இரண்டு கிலோமீட்டர்.

அந்த வாரம் குழு கேள்விகளை அனுப்பியது. நாற்பத்தாறு கேள்விகள். பிரமிளா பெட்டியைத் திறக்கவில்லை. மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது பத்தாம் நாளிலிருந்து தடம் சுருங்கியிருந்தது. போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுநாளும் செய்தாள். பெட்டியில் கோளாறு இருக்கும் என்று எழுதி, அதை மாற்றிவர டெக்னீஷியன் ஒருவரை அனுப்பச் சொன்னாள். புதுப் பெட்டியும் அதையே காட்டியது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். உரிமத்துக்கான விசாரணைக்கு டில்லி போக வேண்டியிருந்தது. போனாள்.

சித்திரையில் உரிமம் வந்தது. அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். படத்தில் கலாமணி தம்ளரோடு பதினொரு அடி நடந்தது வரவேற்பறைத் திரையில் நாள் முழுதும் ஓடியது. கையேட்டை மறு அச்சுக்குக் கொடுத்தார்கள். அந்த வரியை மாற்ற வேண்டும் என்று பிரமிளா கேட்டாள்.

"என்னன்னு மாத்தறது?" வேணுகோபால் லட்டைப் பிட்டார். "வழக்கம் போல் இருக்காதீர்கள்னா? டாக்டருங்க சிரிப்பாங்க. ஆளாளுக்கு மாமியார் போன் பண்ணுவாங்க, எம் மருமகளை என்ன பண்ணச் சொல்றீங்கன்னு."

வரி அப்படியே இருந்தது. ஒரு லட்சம் பிரதி.

வைகாசியில் தொண்ணூற்றோராம் நாள் வந்தது. உறை இறுகிவிட்டது என்று பெட்டி சொன்னது. பிரமிளா புதிய தடத்தைப் பழைய தடத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டு கோடு என்று சொல்ல முடியவில்லை. அடி நீளம் அதே. உயரம் அரையடி. தேய்மானம் பூஜ்யம்.

*

மில் ஓடவில்லை. கூடத்தில் ஒரு கட்டில். நாச்சிமுத்து கிடந்தார். வாய் இடப்பக்கம் கோணியிருந்தது. வலது கை போர்வைமேல் யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. பிரமிளாவைப் பார்த்ததும் கண் நகர்ந்தது. தொண்டையில் ஏதோ சத்தம்.

"வாங்க அம்மிணி" என்றாள் கலாமணி. சமையலறையிலிருந்து கஞ்சியோடு வந்தாள். இப்போது ஒன்பது அடி. கட்டில் இரண்டடி முன்னால் இருந்தது.

"எப்போம்மா?"

"பங்குனி ஒண்ணாந் தேதி. காலைல மில்லுத் தொறக்கப் போனவரு, தொறக்கல." துண்டை எடுத்து அவர் மார்பில் விரித்தாள். "இளக்கினதுல இருந்து பத்து நாளுங்க. மூணு செங்கல் ஏறிட்டேன்."

"ஆள் வெச்சிருக்கலாமேம்மா. தொண்ணூறு நாளுக்கு மட்டுமாவது."

"வெச்சேன். ரெண்டு பேரு. மத்தவங்க கைல தண்ணி குடிக்கமாட்டேங்கறாரு. வாயை இறுக்கிக்கறாரு." ஒரு ஸ்பூன் கொடுத்தாள். "உட்டா செத்துருவாருங்க. உட முடியுமுங்களா?"

நாச்சிமுத்து விழுங்கினார். அவள் வாயோரத்தைத் துடைத்தாள்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. ஐந்தாவது ஜன்னலோரம் இருந்தது. அதன்மேல் மருந்துச் சீட்டுகள்.

"படுத்தே குடிச்சா மூச்சுல போயிருமாம். டாக்டர் உசத்தச் சொன்னாரு" என்றாள், பிரமிளா பார்ப்பதைப் பார்த்து.

"போன் பண்ணியிருக்கலாமேம்மா எனக்கு."

"பண்ணி? உங்க மெசின் அவர எந்திரிக்க வெக்குமா?"

பிரமிளா ஸ்டூலில் உட்கார்ந்தாள். கலாமணி நின்றுகொண்டே ஊட்டினாள். கட்டில் ஓரத்தில் ஒருக்களித்து உட்கார அவள் கால் மடங்காது.

"நேத்தையோட முடிஞ்சு போச்சுங்களா?"

"முடிஞ்சுதும்மா. இறுகிடுச்சு."

"இனி இளகாது."

"இளகாது. இன்னொரு தடவை சூடு பண்ணா நார் பொடிஞ்சிடும். திறந்து மாத்தலாம்னா உங்க எலும்பு தாங்காது. பழைய எக்ஸ்ரேயிலேயே தெரியுது."

"தெரியுமுங்க. முப்பத்திரண்டாம் பக்கத்துல போட்டிருக்குது."

கிண்ணத்தை வழித்துக் கடைசி ஸ்பூனைக் கொடுத்தாள். துண்டை மடித்தாள். ஒன்பது அடி போய்க் கிண்ணத்தைத் தொட்டியில் போட்டாள். ஒன்பது அடி திரும்பி வந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெட்டி மாத்த உங்காளு ஒருத்தரு வந்தாரு. நல்ல மனுசன். இந்தக் கட்டில நகத்திப் போட்டுக் குடுத்தாரு. அவருகிட்டக் கேட்டேன். மெசினு சென்னைல இருந்து மாசியிலதான் வந்துச்சாமேன்னு. அவரு சிரிச்சுட்டாரு. மூணு வருசமா உங்க ரூமுலதான் இருக்குது, அதுமேலதான் நீங்க பை வெப்பீங்கன்னாரு."

நாச்சிமுத்துவின் தொண்டையில் மறுபடி சத்தம் வந்தது. கலாமணி குனியாமலே போர்வையை அவர் நெஞ்சுவரை இழுத்துவிட்டாள்.

"வேலைன்னா அப்படித்தான் இருக்கும். அதக் கேக்கல" என்றாள். "எனக்குக் கணக்கு அவ்வளவா வராதுங்க. நீங்க படிச்சவங்க. நான் உங்ககிட்டக் கேட்டது ஐப்பசி அஞ்சாந் தேதி. அடுத்த நாளே வந்து இளக்கியிருந்தீங்கன்னா, தொண்ணூறு நாளு எப்ப முடிஞ்சிருக்கும் அம்மிணி?"